ஆல்ம்பி விவாத மன்றத்தின் ஏழாம் விதி

ஆல்ம்பி குடிமை விவாத மன்றத்துக்கு மொத்தம் முப்பத்தோரு விதிகள். அவற்றில் முப்பது விதிகள் காபியைப் பற்றியவை. யார் போடுவது, யார் ஊற்றுவது, கேக் வெட்டும்போது பேச்சாளர் பேச்சை நிறுத்த வேண்டுமா கூடாதா என்பதெல்லாம் 1911லேயே தீர்மானமாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே ஒரு விதிதான் விவாதத்தைப் பற்றியது. அது ஏழாம் விதி: எதிர்த்தரப்பு நாற்காலியில் ஆள் இல்லாமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. பெருந்தன்மையான விதிதான். அந்தப் பெருந்தன்மை எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அதற்கு முன்னால் என்னைப் பற்றி ஓர் உண்மை. நான் ஹால்வர் ஏக்டால், ஸ்வீடன்காரன். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் அந்தக் காலத்தில் ஸ்வீடன்காரர்கள் குடியேறி உண்டாக்கிய இந்த ஊரின் திருவிழாவில் அக்கார்டியன் வாசிக்க ஒரு குழுவோடு அமெரிக்காவின் நெப்ராஸ்காவுக்கு வந்தேன். தொண்ணூறு நாள் தங்கலாம் என்று விமான நிலையத்தில் முத்திரை குத்தினார்கள். எண்பத்தெட்டாம் நாள் தேவாலயத்து ஆர்கன் படுத்துவிட்டது. பிரித்துப் போட்டேன். திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் நூற்றுப்பத்து நாள் ஓடிவிட்டது. பிறகு நான் போகவில்லை. அவ்வளவுதான் கதை. சட்டத்தின் கண்ணுக்கு நான் காகிதம் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறவன். ஆல்ம்பியின் கண்ணுக்கு ஊர்ச் சொத்து.

ஓட்டுநர் உரிமம் வாங்க எனக்கு வழியில்லை. அதனால் மழையானாலும் பனியானாலும் சைக்கிள்தான். "பாருங்க, இந்த ஐரோப்பாக்காரங்களுக்கு உடம்பு மேல எவ்வளவு அக்கறை!" என்று ஊர் மெச்சியது. தேர்தலில் ஓட்டுப் போட மாட்டேன், போட முடியாது. "ஸ்வீடன்காரங்க எப்பவுமே நடுநிலை" என்று அதற்கும் ஒரு பாராட்டு. பனிக்காலத்தில் ஷெரீப் டுவேன் ஹெக் தன் வண்டியை நிறுத்தி, என் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டு, என்னை முன் இருக்கையில் உட்கார்த்தி வீட்டில் விட்டுவிட்டுப் போவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். முதல் ஐந்து வருடம் குறுகுறுத்தது. அப்புறம் ஷெரீப் வண்டியில் சூடு நன்றாக வரும் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

ஊரில் ஒரே ஒருவனுக்கு என் விஷயம் தெரியும். அவன் ரமீரோ பல்தேராஸ். எரிவாயு வண்டி ஓட்டுகிறவன், தன்னார்வத் தீயணைப்புப் படையில் பதினேழு வருடம் இருப்பவன். ஒரு முறை என்னையும் படையில் சேர்க்க ஆசைப்பட்டுப் படிவம் கொண்டுவந்தான். பெயர் எழுதினேன், பிறந்த தேதி எழுதினேன், குடிமகனா என்று கேட்ட மூன்றாவது கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. ரமீரோ கட்டத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். படிவத்தை வாங்கி நாலாய் மடித்து அடுப்பில் போட்டான்.

"உனக்குப் படிவமெல்லாம் ஒத்துக்காதுடா. வா, காபி குடிக்கலாம்" என்றான். அதன் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை. அப்படிப்பட்ட மனிதன்.

ரமீரோ பிறந்தது எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில். அவன் அப்பா அன்செல்மோ பிறந்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான். தாத்தா ஒருவர்தான் பீட் கிழங்கு வயலில் வேலை செய்ய மெக்சிகோவிலிருந்து வந்தவர். அன்செல்மோ முப்பது வருடம் தீயணைப்பு நிலையத்தில் குழாய் அலசிக் காயப்போட்டார். வண்டியில் ஏறச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. நிலையத்துச் சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் தலைவருக்கான வெள்ளைத் தலைக்கவசம். அந்த மனிதர் தினமும் அதைத் துடைத்து மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். இப்போது தலைவர் ஓய்வு பெறுகிறார். படையில் பதினாலு பேர். பதின்மூன்று பேர் ரமீரோவுக்குத்தான் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்கள். பதினாலாவது ஆள் ரமீரோவேதான், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தான். அந்த வெள்ளைக் கவசம் அவனுக்கு வேண்டும். அவன் அப்பாவுக்காகவும் வேண்டும். இந்தக் கதையில் வேறு எதற்கும் மதிப்புக் கிடையாது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை காலையில். டிராக்டர் விற்கும் கர்டிஸ் பியூலர் வானொலியில் எதையோ கேட்டுவிட்டு, காபிக் கடைக்குள் முகம் சிவந்து நுழைந்தார். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாடு பூரா சட்டவிரோதமா ஆளுங்க புகுந்துட்டாங்களாம். நம்ம ஊர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு யாருக்காவது தெரியுமா? நம்ம பக்கத்துலயே உக்காந்திருப்பான், நமக்குத் தெரியாது! ஹால்வர், அந்தச் சர்க்கரையை இப்படித் தள்ளு."

நான் சர்க்கரையைத் தள்ளினேன்.

எங்கள் ஊரில் மன்றம் நிறைவேற்றியதுதான் சட்டம். மறுவாரமே அங்கே தீர்மானம் வந்துவிட்டது: தீயணைப்புப் படையில் இருப்பவர்கள் தாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் என்று நிரூபிக்க வேண்டும். அது முடியும்வரை தலைவர் தேர்தல் கிடையாது. ஏன் தீயணைப்புப் படை என்று நான் கர்டிஸிடம் கேட்டேன். "எங்கேயாவது தொடங்கணும்ல?" என்றார்.

மன்றத் தலைவி லவோன் சீபோர்க் நியாயஸ்தர். முப்பத்தோரு விதிகளும் அவருக்கு மனப்பாடம். எதிர்த்தரப்பு இல்லாமல் விவாதம் நடத்த மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். தேவாலய அறிவிப்புத் தாளிலும் மளிகைக் கடைப் பலகையிலும் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்:

"தேவை: சட்டவிரோதமாகக் குடியேறியவர் ஒருவர். விவாதத்தில் பேச. காபி, கேக் உண்டு. விருப்பமுள்ளவர்கள் பெயர், முகவரியை வியாழக்கிழமைக்குள் ஷெரீப்பிடம் கொடுக்கவும்."

வியாழன் வந்தது, யாரும் வரவில்லை. லவோனுக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது.

"நாம கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கோம் ஹால்வர். அவங்கதான் வர மாட்டேங்கறாங்க. இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போனா எப்படி நாம ஒண்ணு கலக்கறது? நீயே சொல்லு."

"பயமா இருக்குமோ என்னவோ" என்றேன்.

"எதுக்குப் பயம்? என் பாதாம் கேக்குக்கா?"

பிறகு அவர் ரமீரோவின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். விவாதத்தில் நேரம் பார்த்து மணியடிக்க என்னைத்தான் போட்டிருந்தார்கள். நடுநிலையான ஆள் வேண்டுமாம்.

"ரமீரோ, கோவிச்சுக்காதப்பா. எதிர்த்தரப்பு நாற்காலியில நீதான் உக்காரணும்."

"நானா? லவோன், நான் இங்க பொறந்தவன். எதிர்ல தெரியுதே அந்த ஆஸ்பத்திரிதான். உங்கம்மாதான் அங்க நர்ஸு. என்னை முதல்ல தூக்கினதே அவங்கதான்னு நீங்களே எத்தனை தடவ சொல்லியிருக்கீங்க!"

"சொல்லியிருக்கேன். யார் இல்லைன்னா? ஆனா உன்னால அதை உணர்ந்து பேச முடியும்."

"எதை உணர்ந்து?"

லவோன் கையைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார். ரமீரோவின் முகம், முடி, கழுத்து எல்லாம் அந்தச் சுற்றுக்குள் அடங்கிவிட்டன. "அதைத்தான்" என்றார்.

அவர் தப்பான அர்த்தத்தில் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திட்டிவிட்டால் திருப்பித் திட்டலாம். கேக்கோடு வருகிறவரை என்ன செய்வது?

"எதிர்த்தரப்பு இல்லைன்னா விவாதம் தள்ளிப்போகும். தீர்மானம் முடிவாகற வரைக்கும் உங்க தலைவர் தேர்தலும் நடக்காது. அடுத்த வருஷம்கூட ஆகலாம்ப்பா" என்றார் லவோன்.

"சரி, பேசறேன்" என்றான் ரமீரோ. வெள்ளைக் கவசம் அவனைப் பேச வைத்தது.

அடுத்தது நிகழ்ச்சி நிரல். லவோன் அழகான மஞ்சள் காகிதத்தில் நானூறு பிரதி அச்சடித்திருந்தார். "திரு. கர்டிஸ் பியூலர், குடிமகன். திரு. ரமீரோ பல்தேராஸ், சட்டவிரோதக் குடியேறி. திரு. ஹால்வர் ஏக்டால், மணி."

ரமீரோ அதை எடுத்துக்கொண்டு ஓடினான். "என்ன லவோன் இது? 'சார்பில்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?"

"இடம் பத்தலப்பா. அதைப் போட்டா கேக்கு போட்டவங்க பேர் விட்டுப்போகுது."

அன்று மாலையே ஷெரீப் டுவேன் ரமீரோ வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ரமீரோ, எனக்கு உன்னைத் தெரியும். உன் தங்கச்சி கல்யாணத்துல நான் ஆடியிருக்கேன். ஆனா இது அச்சுல வந்துடுச்சு. வாயால சொன்னா நான் காதுல வாங்காம போயிடுவேன். அச்சுல வந்தா நான் என்ன பண்றது? ஏதாவது காகிதம் இருந்தா காட்டிடு, ரெண்டு பேருக்கும் நிம்மதி."

ரமீரோ பிறப்புச் சான்றிதழைக் காட்டினான். மாநிலத் தலைநகர் லிங்கனில் இருக்கும் தலைமை அலுவலகம் கொடுத்தது, முத்திரையெல்லாம் பளபளவென்று இருந்தது. டுவேன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது போதுமான்னு எனக்குத் தெரியாது. நம்ம ஊர் எழுத்தர் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா தீந்துது."

ஊர் எழுத்தர் யார்? லவோன்தான். மன்றத்துக்குத் தலைவி, ஊர் அலுவலகத்துக்கு எழுத்தர். சின்ன ஊர், ஆளுக்கு மூன்று வேலை. மறுநாள் காலை ரமீரோவும் நானும் அவருடைய ஜன்னலுக்கு முன்னால் நின்றோம். அலுவலகத்தில் அவர் வேறு கண்ணாடி போடுவார்.

"இதுல என்ன போட்டிருக்கு? ரமீரோ பல்தேராஸ்னு ஒருத்தர் இங்க பொறந்தார்னு போட்டிருக்கு. நீங்கதான் அந்த ரமீரோன்னு எங்க போட்டிருக்கு?"

"லவோன்! நான்தான்னு உங்களுக்கே தெரியும்!"

"மன்றத் தலைவியா எனக்குத் தெரியும். எழுத்தரா எனக்கு எப்படித் தெரியும்? அந்த லவோன் வேற, இந்த லவோன் வேற. மேலும் நேத்து வந்த ஒரு நிரல்ல உங்க பேருக்கு நேரா வேற மாதிரி அச்சாகியிருக்கு."

"அதை அச்சடிச்சதே நீங்கதானே!"

"அந்த லவோன்" என்று திருத்தினார் அவர்.

ரமீரோ என்னைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கலாமா அழலாமா என்று என்னிடம் அனுமதி கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"வழியில்லாம இல்ல. நாலு பேருக்குத் தெரிஞ்ச, நாணயமான குடிமகன் ஒருத்தர், இவர்தான் அவர்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்" என்றார் லவோன். படிவத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார், ரமீரோவுக்கு அல்ல, எனக்கு. "அதான் பக்கத்துலயே நிக்கறாரே, ஊர்லயே நாணயமான ஆளு."

காகிதம் இல்லாமல் தங்கியிருப்பது ஒரு தப்பு. குடிமகன் என்று பொய்க் கையெழுத்துப் போடுவது அதைவிடப் பெரிய தப்பு. மாட்டினால் இந்த மண்ணில் மறுபடி காலே வைக்க முடியாது. அந்த ஒரு வேலையை மட்டும் இருபத்தொரு வருடமாகச் செய்யாமல் தப்பித்து வந்திருந்தேன்.

"லவோன், எங்கிட்ட இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடையாது" என்றேன். முடிந்த மட்டும் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன்.

"எங்கிட்ட மட்டும் இருக்கா? நான் ஒமாஹாவைத் தாண்டினதே இல்ல. கையெழுத்தைப் போடு."

"குடிமகனான்னு ஒரு கட்டம் இருக்கே..."

"அட, உனக்கு எல்லாத்துலயும் அடக்கம்!" என்று படிவத்தைப் பிடுங்கி, அந்தக் கட்டத்தில் தானே ஒரு டிக் போட்டு, என் முன்னால் மறுபடி வைத்தார். ரமீரோ மெதுவாக, "வேண்டாம்டா, போயிடலாம்" என்றான். நான் போட்டுவிட்டேன். இந்த ஊரில் இரண்டு தலைமுறையாகப் பிறந்தவன் இன்னார்தான் என்று, இந்த ஊரில் இருக்கவே கூடாதவன் சாட்சி சொன்னேன். வெளியே வந்ததும் வெட்கத்தில் சைக்கிளை எங்கே நிறுத்தினேன் என்பதே மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, பிரார்த்தனை முடிந்த கையோடு, தீயணைப்பு நிலையத்தில் விவாதம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு சாசேஜ், ஸ்வீடன் பாணியில் முட்டை போட்டுக் காய்ச்சிய காபி, லவோனின் பாதாம் கேக். சுவரில் கொக்கி, கொக்கியில் கவசம். முன்வரிசையில் ஷெரீப் மஞ்சள் நிரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையில் ஒரு மாட்டு மணி.

கர்டிஸ் எழுந்தார். நல்ல குரல், ஏலம் விட்டுப் பழகிய குரல்.

"எங்க கொள்ளுத்தாத்தா 1884ல வந்தார். பாக்கெட்டுல ஒரு காகிதம் இல்ல! இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது! யாரையும் கேக்கல, கிடைச்ச நிலத்துல இறங்கி உழ ஆரம்பிச்சுட்டார்! அதுதாங்க உழைப்பு! இன்னிக்கு வர்றவங்க எப்படி வர்றாங்க? காகிதம் இல்லாம, இங்கிலீஷ் தெரியாம, யாரையும் கேக்காம!"

கைதட்டல் ஓடுகளைத் தூக்கியது.

"எங்க தாத்தா காலத்துல முப்பது வருஷம் சர்ச்சுல ஸ்வீடிஷ்லதான் பிரசங்கம். அது பாரம்பரியம். நேத்து மளிகைக் கடையில ஒரு டப்பா மேல ஸ்பானிஷ் எழுதியிருக்கு. அது படையெடுப்பு! வரிசையில வாங்கன்னுதானே சொல்றோம்? எங்க கொள்ளுத்தாத்தா வரிசையில நின்னாரா இல்லையா? நின்னார்! கப்பல்லேர்ந்து இறங்க நின்னார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ரமீரோவைக் கனிவாகப் பார்த்தார்.

"தனிப்பட்ட முறையில எனக்கு யார் மேலயும் விரோதம் இல்ல. மூணு வருஷம் முன்னாடி என் கொட்டகை பத்திக்கிச்சு. ஒரே புகை. யாரோ என்னைத் தோள்ல தூக்கிப் போட்டு வெளிய கொண்டுவந்தாங்க. யாருன்னு தெரியல. அப்புறம்தான் ரமீரோன்னு சொன்னாங்க. இன்னிக்கு மனசாட்சியோட சொல்றேன், அன்னிக்கு மட்டும் எனக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா, முதல்ல காகிதத்தைக் காட்டுன்னுதான் கேட்டிருப்பேன்! கொள்கைன்னா கொள்கை!"

நான் மணியடித்தேன். அவருக்குக் கொடுத்த ஐந்து நிமிடம் முடிய இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. அது எனக்கே தெரியும்.

ரமீரோ எழுந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தான். இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் பாவம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த ஊர்லதான் பொறந்தேன்..."

லவோன் மேசையைத் தட்டினார். "விதிப் பிரச்சினை! ரமீரோ, நீ உன் தரப்பை விட்டு விலகறே. நீ இங்க பொறந்தவன்னா நீ குடிமகன் தரப்பு. அப்போ எதிர்த்தரப்பு நாற்காலி காலி. காலின்னா ஏழாம் விதிப்படி விவாதம் ரத்து. தேர்தலும் தள்ளிப்போயிடும்."

"அப்போ நான் எப்படிப் பேசறது?"

"'சட்டவிரோதமா வந்த நான்'னு ஆரம்பிப்பா. அப்புறம் உன் இஷ்டம்."

ஷெரீப் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். ரமீரோ அந்தப் பேனாவைப் பார்த்தான். பிறந்தவன் என்றால் பேச முடியாது, வந்தவன் என்றால் பேசலாம், ஆனால் எழுதிக்கொள்வார்கள். நூற்றிருபது பேர் சாசேஜ் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அவன் தலை தானாக ஒரு தரம் கொக்கிப் பக்கம் திரும்பியது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு இந்த ஊரையே பிடிக்காமல் போய்விட்டது.

அப்போது கூரைமேல் அபாயச் சங்கு ஊதியது.

ஷெரீப்பின் இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. பியூலர் டிராக்டர் கடைக்குப் பின்னால் வைக்கோல் கிடங்கில் தீ. ரமீரோ கையிலிருந்த காகிதத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான். பதின்மூன்று பேரும் அவன் பின்னால் ஓடினார்கள்.

"ரமீரோ! நாற்காலி!" என்று கத்தினார் லவோன்.

"தீ, லவோன்!"

"தீ இருக்கட்டும், நாற்காலிக்கு என்ன பதில்?"

வண்டி கிளம்பிவிட்டது. கர்டிஸ் மட்டும் அசையவில்லை. "என் கிடங்குதான். ரமீரோ பாத்துப்பான், கெட்டிக்காரன். நாம தீர்மானத்தை முடிச்சிடுவோம்" என்றார்.

காலி நாற்காலி எல்லோருக்கும் எதிரே நின்றது. எனக்குள் இருபத்தொரு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கழன்றது. மணியைக் கீழே வைத்தேன், நடந்தேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இந்த இடம் என்னுதுதான். நான் தொண்ணூறு நாளுக்கு வந்தவன். இருபத்தொரு வருஷமாச்சு, போகல. எங்கிட்ட ஒரு காகிதமும் இல்ல. நீங்க தேடற ஆளு நான்தான். ரமீரோ இல்ல" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

அடுத்த கணம் கூரை இடிந்து விழுவதுபோல் சிரித்தார்கள். ஷெரீப்புக்குக் காபி மூக்கில் ஏறி இருமினார். "டேய் ஹால்வர், போதும்டா, வயிறு வலிக்குது!" என்று கெஞ்சினார். பின்வரிசையில் ஒரு அம்மாள், "ஸ்வீடன் நகைச்சுவையே தனிதான், முகத்துல ஒரு சலனம் இல்ல பாரு!" என்றாள்.

"வேடிக்கை இல்ல, உண்மை!" என்று கத்தி, கோட்டுக்குள்ளிருந்து காலாவதியான என் ஸ்வீடன் பாஸ்போர்ட்டை எடுத்து ஷெரீப் கையில் திணித்தேன். என்னைக் கைது செய்யச் சொல்லித்தான் திணித்தேன். அவர் திறந்து பார்த்தார். "அடேயப்பா, எவ்வளவு முடி இருந்திருக்கு உனக்கு!" என்று பக்கத்து ஆளிடம் கொடுத்தார். அது வரிசை வரிசையாகப் போயிற்று. அட்டையில் இருந்த ஸ்வீடனின் மூன்று கிரீடச் சின்னத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு பெண் முத்திரையைக் காட்டி, "அந்தக் காலத்துல மை எவ்வளவு நல்லா இருந்திருக்கு" என்றாள். லவோன் கடைசியாக வாங்கி, மேலே ஒட்டியிருந்த சாசேஜ் எண்ணெயைத் துடைத்தார்.

"இதை ஊர் அருங்காட்சியகத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்" என்றவர் கண்ணில் நிஜமாகவே நீர். "நண்பனுக்காக அந்த நாற்காலியில போய் உக்காந்து, அவங்க கஷ்டத்தைத் தன் கஷ்டமா நினைச்சுப் பேசினான் பாருங்க, இதுதான் ஆல்ம்பி. எதிர்த்தரப்பு பேசியாச்சு. ஏழாம் விதி நிறைவேறியாச்சு. ஓட்டெடுப்பு!"

அதாவது, தீர்மானம் நிறைவேறவே நான்தான் வழி செய்து கொடுத்திருந்தேன். தலையில் அடித்துக்கொள்ளக்கூடக் கை எழவில்லை.

எனக்காக ஒரு திருத்தமும் சேர்ந்தது. "ஹால்வர் மாதிரி ஆளைக்கூடக் காகிதம் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்று கர்டிஸே கொண்டுவந்தார். பார்த்த மாத்திரத்தில் குடிமகன் என்று தெரிகிறவர்கள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு, பார்த்த மாத்திரத்தில் தெரிகிற ஒருவர் ஆண்டுதோறும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்ப்பது ஷெரீப். தொண்ணூற்றாறுக்கு மூன்று. தீயணைக்கப் போனவர்களுக்கு ஓட்டு இல்லை, ஏனென்றால் அவர்கள் கூட்டத்தில் இல்லை.

கிடங்கைக் காப்பாற்றிவிட்டுப் பதினாலு பேரும் கரிபடிந்து திரும்பியபோது கேக் தீர்ந்திருந்தது. ஷெரீப் அவர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லா முகமும் ஒரே கரி. "கழுவிட்டு வாங்கப்பா, ஒண்ணும் தெரியல" என்றார். கழுவிக்கொண்டு வந்தார்கள். பதின்மூன்று பேர் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தார்கள்.

"கவலைப்படாதே ரமீரோ, உன் சாட்சிக் கையெழுத்து ஏற்கெனவே அலுவலகத்துல இருக்கு. ஹால்வர் போட்டது. அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் லவோன்.

அந்த மாதக் கடைசியில் ரமீரோவைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள். வெள்ளைக் கவசத்தைக் கொக்கியிலிருந்து எடுத்து அவன் தலையில் வைத்தபோது, அன்செல்மோவின் பழைய துடைக்கும் துணி அவன் பாக்கெட்டில் இருந்ததை நான் மட்டும் பார்த்தேன். கர்டிஸ்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். அதே கூட்டத்தில் எனக்கு "ஆண்டின் சிறந்த குடிமகன்" என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வெளியே பனி கொட்டியது. ரமீரோ என் சைக்கிளைத் தீயணைப்புத் தலைவர் வண்டியில் தூக்கிப் போட்டான். என் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினான். என்னுடைய கேடயத்தை ஒரு தரம் பார்த்தான், கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ என்னடா, ஸ்வீடனுக்குப் போற எண்ணமெல்லாம் இருக்கா?"

"ஏன்?"

"வருஷா வருஷம் எனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடணும்ல. போகாதே. உடம்பைப் பாத்துக்கோ. சைக்கிள்ல மெதுவாப் போ. இனிமே கூட்டத்துல எழுந்து உண்மையெல்லாம் சொல்லாதே, ஒரு நாள் எவனாவது நம்பித் தொலைச்சிடப் போறான்."

"நம்பினா என்னைத்தானேடா அனுப்புவாங்க?"

அவன் சைக்கிளை இறக்கி என் கையில் கொடுத்தான்.

"உன்னைப் புடிச்சாங்கன்னா, அனுப்பப்போறது என்னைத்தான்டா."